பாண்ட் படங்களின் முழுப் பின்னணி இசை: சேர்ப்பது, வரிசைப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்களின் பின்னணி இசையைச் சேர்ப்பவன். இது தெரிந்ததிலிருந்து ஓசூர், காவேரிப்பட்டணம், தருமபுரி, அரூர் பக்கத்து நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

படத்தோட ஆல்பத்தை வாங்கிட்டா முடிஞ்சது இல்லையா? முழு இசைன்னு தனியா என்ன இருக்கு?

முடியாது. ஒவ்வொரு காட்சிக்கும் அளவெடுத்து எழுதிய இசைத்துண்டை க்யூ என்பார்கள். ஒரு பாண்ட் படத்தில் இப்படிப் பல க்யூக்கள் இருக்கும். அதில் பாதியோ முக்காலோதான் படம் வந்த சமயத்தில் ஆல்பமாகும். மீதி ஸ்டுடியோ அலமாரியில் தூங்கும். பல வருடம் கழித்து யாராவது தூசி தட்டி வெளியிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வெளியான ஆல்பம், பின்னால் வந்த கூடுதல் துண்டுகள், தனி சிங்கிளாக வந்த பாட்டு, இதையெல்லாம் தேடிச் சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்ததைப் படம் ஓடுகிற வரிசையில் நிறுத்துவது இன்னொரு வேலை. எனக்கு இரண்டாவதில்தான் ருசி.

அப்பவே முழுசா போட்டிருக்கலாமே, ஏன் போடல?

காரணம் படத்துக்குப் படம் மாறும். எல்பி என்ற பெரிய இசைத்தட்டுக் காலத்தில் இடமே இல்லை. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். அதிலும் முதல் பக்கம் விற்கிற பாட்டோடு தொடங்க வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு.

நேரம் போதாமல் போன கதைகளும் உண்டு. தண்டர்பால் (1965) ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும்போது இசையமைப்பாளர் ஜான் பேரி அந்தப் படத்தின் இசையை முடித்திருக்கவே இல்லை. அதனால் அந்த எல்பியில் பெரும்பாலும் படத்தின் முன்பாதி இசைதான் கேட்கும். முப்பது வருடம் கழித்து டுமாரோ நெவர் டைஸ் (1997) படத்திலும் இதே கூத்து. டேவிட் ஆர்னல்ட் கடைசிப் பகுதி இசையை எழுதிக்கொண்டிருந்தபோதே ஆல்பம் வெளியே போய்விட்டது. பைக் துரத்தல், எதிரியின் கப்பலுக்குள் நுழைவது என்று பின்பாதி முழுக்க அதில் காணோம். 2000ல் இன்னொரு சிடி வந்த பிறகுதான் அந்தப் பள்ளம் நிரம்பியது.

மூன்றாவது வகை கொஞ்சம் ஏமாற்று வேலை என்றே சொல்வேன். தி ஸ்பை ஹூ லவ்ட் மீ (1977) ஆல்பத்தில் மார்வின் ஹாம்லிஷ் பெரும்பகுதியை ஆல்பத்துக்கென்றே மறுபடி வாசித்துப் பதிந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் படத்தில் நீங்கள் கேட்டது அது இல்லை. முதல் படமான டாக்டர் நோ (1962) ஆல்பத்திலும் இதே கதை. மாண்டி நார்மனின் ஜமைக்கா பாட்டுகள் நிறைய இருக்கும், படத்தின் பதட்டமான இடங்களுக்கு வந்த இசையைத் தேட வேண்டும். மாமரத்தடிப் பாட்டு மட்டும் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவத்தில் வருகிறது. மாங்கனி ஊர்க்காரனான எனக்கு அதில் புகார் இல்லை.

இப்போ எல்லாப் படத்துக்கும் முழு இசை வந்தாச்சா?

இல்லை. ஆனால் கதவு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறது.

பழைய படங்களுக்கு 2003ல் வந்த மறுவெளியீடுகள் முக்கியமானவை. தண்டர்பால், யூ ஒன்லி லிவ் ட்வைஸ், ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ், டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர், லிவ் அண்ட் லெட் டை ஆகிய ஐந்துக்கும் அதுவரை வெளிவராத இசை கிடைத்தது. கோல்ட்ஃபிங்கரில் வேறு விஷயம். 1964ல் பிரிட்டனில் வந்த எல்பியில் இருந்த நான்கு ட்ராக்குகள் அமெரிக்க எல்பியில் இல்லை. அந்த நான்கும் 2003 சிடியில் சேர்ந்தன. அதே வரிசையில் வந்த மூன்ரேக்கருக்குப் பழைய ஆல்பத்தைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், கூடுதலாக ஒன்றும் இல்லை.

தி லிவிங் டேலைட்ஸ் (1987) படத்துக்கு 1998ல் ரைக்கோடிஸ்க் கம்பெனி விரிவான சிடி போட்டது. ஆர்னல்ட் படங்களில் டை அனதர் டே 2017லும், தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப் 2018லும், டுமாரோ நெவர் டைஸ் 2022லும் லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் வழியாக இரட்டை சிடியாக வந்தன. இவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் அச்சடிப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், பிறகு ஏல விலை.

கிருஷ்ணகிரி, தருமபுரியில உட்கார்ந்துகிட்டு இதையெல்லாம் எங்கே வாங்கறது?

ஊரில் கிடைக்காது, அதை ஒத்துக்கொண்டுவிடுவோம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர்தான், சென்னையை விடப் பக்கம். சர்ச் ஸ்ட்ரீட், அவென்யூ ரோடு பக்கம் பழைய சாமான் பார்க்கும்போது சிடிப் பெட்டிகளையும் கிளறிப் பாருங்கள். ஆர்னல்ட் காலத்துச் சாதாரண ஆல்பங்கள் அப்படிக் கிடைக்க வாய்ப்புண்டு. லா-லா லேண்ட் மாதிரி வெளியீடுகளை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். தபால் செலவு சில சமயம் சிடி விலையையே தொட்டுவிடும், அதற்கு மேல் சுங்க வரியும் வரலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போடுவது நல்லது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சானிடம் சொல்லி வைப்பது அதை விட நல்லது.

வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். ஆக்டோபுஸிக்கு 1997ல் ரைக்கோடிஸ்க் போட்ட சிடியில் இசையோடு படத்தின் வசனத் துணுக்குகளும் உண்டு. நம் ஊரில் கதை வசன ரெக்கார்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கலாம். இசையை வரிசைப்படுத்த நினைப்பவருக்கு அது தொல்லை.

படத்தோட வரிசைன்னு சொல்றீங்க. ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸை (1969) எடுத்துக்கொள்வோம். பேரி எழுதியதில் இதுதான் சிறந்தது என்பது என் கட்சி. வாதத்துக்கு வருபவர்கள் வரலாம்.

அந்த எல்பி லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடும் 'வி ஹேவ் ஆல் த டைம் இன் த வேர்ல்ட்' பாட்டோடு தொடங்குகிறது. அடுத்து 'திஸ் நெவர் ஹேப்பன்ட் டு தி அதர் ஃபெல்லர்' என்ற கடற்கரைச் சண்டை. மூன்றாவதாக 'ட்ரை', நான்காவதாகப் பனிச்சறுக்குத் துரத்தல், ஐந்தாவதாகக் கிறிஸ்துமஸ் மரப் பாட்டு. டைட்டில் இசை ஆறாவதாகத்தான் வருகிறது, ஏனென்றால் அங்கே இரண்டாம் பக்கம் தொடங்குகிறது. ஹெலிகாப்டரில் வில்லன் ப்ளோஃபெல்டின் மலையுச்சி மறைவிடத்துக்குப் போகும் இசை ஏழாவது. அதாவது, பாண்ட் மலைக்குப் போகும் முன்பே மலையிலிருந்து சறுக்கித் தப்பித்துவிடுகிறார்!

2003 சிடி இந்த வரிசையைத் தொடாமல், புது க்யூக்களைக் கடைசியில் வைத்தது. சரியான முடிவுதான், ஆனால் படம் பார்த்தவன் காதுக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

படத்தின் வரிசை இப்படிப் போகும். முதலில் கடற்கரைச் சண்டை, உடனே டைட்டில். பிறகு காசினோவில் 'ட்ரை'. அப்புறம் கூடுதல் பகுதியிலிருந்து 'ஜர்னி டு டிராக்கோஸ் ஹைட்அவே', 'பாண்ட் அண்ட் டிராக்கோ' இரண்டும் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆர்ம்ஸ்ட்ராங் பாட்டு, பாண்டும் காதலி ட்ரேசியும் சேர்ந்து சுற்றும் இடத்தில். தொடர்ந்து வக்கீல் அறையில் பெட்டகத்தைத் திறக்கும் 'கம்போல்ட்ஸ் சேஃப்'. இந்த க்யூவைக் கூர்ந்து கேளுங்கள், காட்சியில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், மெஷின் வேலை செய்கிறது. பதட்டம் முழுவதையும் இசைதான் சுமக்கிறது. இதை எல்பியில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அதன் பிறகு ஹெலிகாப்டர் பயணம், மலையுச்சியில் தங்குவது, பெண்களைச் சந்திப்பது, அந்தி, இரவு நடமாட்டம், ப்ளோஃபெல்டின் திட்டம் என்று கூடுதல் க்யூக்கள் அணிவகுக்கும். அடுத்து 'எஸ்கேப் ஃப்ரம் பிஸ் குளோரியா', அதன் வாலைப் பிடித்தே பனிச்சறுக்குத் துரத்தல். கிறிஸ்துமஸ் பாட்டு அதற்குப் பிறகு, பாண்ட் கிராமத்துக் கூட்டத்தில் ஒளியும் இடத்தில். கடைசியில் மலையுச்சிப் போர், பாப்ஸ்லெட் துரத்தல், முடிவில் காதல் மெட்டும் பாண்ட் மெட்டும் சேர்ந்த ட்ராக்.

இப்படி ஒரு தடவை கேட்டால் ஒன்று புரியும். ஆர்ம்ஸ்ட்ராங் பாட்டின் மெட்டு முதலில் பாட்டாக நம் காதில் இறங்குகிறது, கடைசியில் ட்ரேசி சுடப்பட்ட பிறகு அதே மெட்டு திரும்புகிறது. எல்பி வரிசையில் இந்த அடி இவ்வளவு பலமாக விழாது.

எந்த க்யூ எங்கே வரும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ட்ராக்கின் பெயர் பாதி வழி காட்டும். விரிவான வெளியீடுகளோடு வரும் சிறுபுத்தகத்தில் சில சமயம் க்யூ எண்களே அச்சாகியிருக்கும். 7எம்2 என்றால் ஏழாவது ரீலின் இரண்டாவது இசை. அது இருந்தால் வேலை சுலபம்.

இல்லையென்றால் படத்தைப் போட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார வேண்டியதுதான். ஹெட்போன் கட்டாயம். ஒவ்வொரு இசையும் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுதுங்கள், பிறகு சிடியோடு ஒப்பிடுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் படம் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஃபிரேமாக ஓடும். எல்லாமே நாலு சதவீதம் வேகம், சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். சிடியில் மூன்று நிமிடம் இருக்கும் துண்டு டிவிடியில் ஏழு நொடி குறைவாக வந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ப்ளூரேயில் இந்தத் தொல்லை இல்லை.

எடிட்டர் கைவரிசையும் உண்டு. ஒரு க்யூவைப் பாதியில் நிறுத்துவார், வேறு காட்சிக்கு எழுதியதை எடுத்து இங்கே ஒட்டுவார். டாக்டர் நோவில் பாண்ட் மெட்டின் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருவது அப்படித்தான். அதையெல்லாம் நகலெடுத்து நிரப்ப வேண்டாம். இசையமைப்பாளர் எந்தக் காட்சிக்கு எழுதினாரோ அங்கே வைத்தால் போதும்.

அப்போ சிடி ஃபைல்களோட நம்பரை மாத்தி, பழைய ஆல்பத்தைக் கலைச்சிடலாமா?

கூடவே கூடாது. நான் பிடிவாதமாகச் சொல்வது இது ஒன்றுதான். ஆல்பம் என்பதும் ஒரு படைப்பு. பேரி தன் எல்பிகளைக் கேட்பதற்கென்றே அமைத்திருக்கிறார். கடற்கரைச் சண்டைக்கு முன்னால் ஆர்ம்ஸ்ட்ராங்கை வைத்ததில் வியாபாரக் கணக்கு இருந்தாலும், ஒரு எல்பியாக அது அழகாகவே ஓடுகிறது. அறுபதுகளில் ஒருவர் ரெக்கார்டு பிளேயரில் கேட்டது அந்த வரிசைதான், அதுவும் சரித்திரம்.

ஒவ்வொரு வெளியீட்டையும் வந்தபடியே தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி மென்பொருளில் பிழையில்லாமல் எடுத்து, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள். எம்பி3 போதும் என்று நினைப்பவர்கள் இரண்டு வருடம் கழித்து மறுபடி அதே சிடியைத் தேடுவார்கள். படத்தின் வரிசையை ஒரு பிளேலிஸ்ட் ஃபைலாக மட்டும் செய்யுங்கள். ஃபைல் இருக்கும் இடத்தில் இருக்கும், வரிசை மட்டும் மாறும். நாளைக்குப் புது வெளியீடு வந்தால் நாலு வரி மாற்றினால் போதும்.

பாட்டு ஃபைலுக்குள் பெயர், ஆல்பம் எழுதும் டேகில் கருத்துப் பகுதி என்று ஒன்று இருக்கும், யாரும் தொடுவதில்லை. எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தது, ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள் என்று அதில் ஒரு வரி தமிழிலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தேவைப்படும்.

இரண்டு மூன்று வெளியீட்டைக் கலந்தா சத்தம் ஏறி இறங்குதே?

சத்தத்தைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்ன் வசதியைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஆல்பம் அளவில். ட்ராக் அளவில் போட்டால் மெல்லிய வயலினும் வெடிகுண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும்.

படத்தில் வராத இசையை எங்கே வைக்கிறது?

இதில்தான் நண்பர்களுக்குள் சண்டை வரும். கோல்டன்ஐ (1995) படத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டாங்க் துரத்தலுக்கு எரிக் செர்ரா எழுதியதை ஒதுக்கிவிட்டு ஜான் ஆல்ட்மனின் இசையைப் போட்டார்கள். ஆல்பத்திலோ செர்ராவின் துண்டுதான் இருக்கிறது. நான் அதை முக்கிய வரிசையில் வைப்பதில்லை. பிளேலிஸ்டின் கடைசியில் 'ஒதுக்கப்பட்டவை' என்று ஒரு பகுதி, அங்கே போகும். டாங்க் துரத்தலில் அதைப் பொருத்திக் கேட்க நினைத்தால் கேளுங்கள், மாற்றியவர்கள் மேல் கோபம் வராது என்பது என் அனுபவம்.

தண்டர்பால் கதை இதை விடச் சுவாரசியம். முதலில் அதற்கு 'மிஸ்டர் கிஸ் கிஸ் பேங் பேங்' என்ற பாட்டுதான் டைட்டில் பாட்டு. ஷெர்லி பேஸி பாடினார், டியான் வார்விக்கும் பாடினார். படத்தின் பெயர் பாட்டில் வரவில்லை என்று கடைசி நேரத்தில் தூக்கிவிட்டு, டாம் ஜோன்ஸைப் பாட வைத்தார்கள். ஆனால் பேரி அதற்குள் அந்த மெட்டைப் படம் முழுக்கத் தெளித்துவிட்டார். அந்தப் பாட்டு 1992ல் முப்பதாம் ஆண்டுத் தொகுப்பில்தான் வெளிவந்தது. அதனால் இதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, வரிசையின் தலையிலேயே வைக்கிறேன். பாட்டைக் கேட்காதவருக்கு, பின்னால் வரும் மெட்டு எங்கிருந்து முளைத்தது என்று புரியாது.

டுமாரோ நெவர் டைஸ் ஆல்பத்தில் கே.டி. லாங் பாடிய 'சரண்டர்' படத்தின் முடிவில் வருவது. ஆர்னல்ட் அதை டைட்டில் பாட்டாகத்தான் எழுதினார், மெட்டும் படம் முழுக்க இருக்கிறது. ஆனாலும் அதை முடிவிலேயே விட்டிருக்கிறேன். அது படத்தில் உண்மையாகவே இருக்கும் இடம் அது.

கசினோ ராயலுக்கு (2006) இன்னொரு வேலை இருக்கிறது. கிறிஸ் கார்னெல் பாடிய டைட்டில் பாட்டு ஆல்பத்தில் கிடையாது, தனி சிங்கிளாக வாங்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் அந்தப் படத்தின் கணக்கு விளங்கும். பாண்ட் மெட்டை ஆர்னல்ட் கடைசிவரை முழுசாகத் தராமல் பிடித்து வைத்து, பாண்ட் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் திறந்து விடுகிறார். அதுவரை பாண்டுக்கு மெட்டாக இருப்பது கார்னெல் பாட்டின் மெட்டுதான்.

ஆக்டோபுஸியில் விஜய் அமிர்தராஜ் மகுடி ஊதுவாரே, அதுவும் பின்னணி இசையா?

நம்ம சென்னை ஆள் என்பதால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும்! உதய்பூரில் பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து பாண்ட் மெட்டை மகுடியில் ஊதுவார், அதுதான் பாண்டுக்கு அடையாளக் குரல். படத்துக்குள் இருக்கும் பாத்திரமே கேட்கும் இசை என்பதால் கறாராகப் பார்த்தால் அது பின்னணி இசை ஆகாது. ஆல்பத்தில் தேடவும் வேண்டாம். ஆனால் காட்சிக் குறிப்பில் 'இங்கே மகுடி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இதே வகையில் தி லிவிங் டேலைட்ஸில் கொலைகாரன் நெக்ரோஸ் வாக்மேனில் கேட்கும் ப்ரிடெண்டர்ஸ் பாட்டை விட்டுவிடக் கூடாது. அவன் சண்டை போடும் இடங்களுக்கு எல்லாம் பேரி அந்த மெட்டைத்தான் பயன்படுத்துகிறார். பேரியின் கடைசிப் பாண்ட் படம் அது, மொத்தம் பதினொன்று.

நெவர் சே நெவர் அகெய்ன், 1967 கசினோ ராயல் இதெல்லாம் சேருமா?

அவை மற்ற பாண்ட் படங்களை எடுத்த இயான் (Eon) கம்பெனியின் படங்கள் அல்ல. மிஷேல் லெக்ராண்டும் பர்ட் பக்கராக்கும் சாதாரண ஆட்கள் இல்லை என்பதால் வைத்திருக்கிறேன், தனி ஃபோல்டரில்.

ப்ளூரேயிலிருந்தே இசையை உருவிக்கக் கூடாதா?

வசனமும் வெடிச்சத்தமும் ஒட்டிக்கொண்டுதான் வரும். 5.1 ஒலியில் நடுச் சேனலை நீக்கினால் வசனம் குறையும், கார் உறுமல் போகாது. சொந்தக் காதுக்குச் சரிபார்க்க அது உதவும், தொகுப்பில் வைக்கத் தரமில்லை. செய்ததை இணையத்தில் ஏற்றிப் பகிர்வது வேறு கதை, அதற்கு நான் வரவில்லை.

கார்ல போட்டா வரிசை மாறிப் போகுதே?

பல கார் பிளேயர்கள் பிளேலிஸ்ட் ஃபைலை மதிப்பதில்லை. சிலது ஃபைல் பெயரைப் பார்க்கும், சிலது பென்டிரைவில் எது முதலில் காப்பி ஆனதோ அதை முதலில் பாடும். காருக்கென்று தனி நகல் எடுத்து, பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டு, காலியான பென்டிரைவில் ஒவ்வொரு படமாக ஏற்றுங்கள். முன்பெல்லாம் ஊரில் கேசட் பதிந்து தரும் கடையில் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்போம் இல்லையா, அறுபது நிமிடக் கேசட்டில் எந்தப் பாட்டு ஏ பக்கம் முடிய வேண்டும் என்று கடைக்காரர் நமக்கே யோசனை சொல்வார். அந்த வேலைதான் இதுவும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மட்டும் துரத்தல் க்யூ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கால் தானாக அழுத்தும்.

நம்ம ஜெய்சங்கர் துப்பறியும் படங்களுக்கு இப்படிச் செய்ய முடியுமா?

ஆசை இருக்கிறது, வழிதான் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நமக்குத் தொப்பூரைத் தாண்டினால் அடுத்த ஊர். அங்கிருந்து வந்த வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) இரண்டுக்கும் வேதா இசை. பாட்டுகள் ரெக்கார்டாக வந்தன, இன்றும் கேட்கிறோம். பின்னணி இசையைத் தனியாக விற்கும் பழக்கம் அன்று நம்மிடம் இல்லை. அது படத்தின் ஒலித்தடத்தில் வசனத்துக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போது பிஜிஎம் என்று தனி ஆல்பமே போடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஐம்பது வருடம் முன்னால் வந்திருந்தால் வேதாவின் கிட்டாரையும் பாங்கோவையும் வரிசைப்படுத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

மிஷன் இம்பாசிபிள் எப்படி?

அங்கே லாலோ ஷிஃப்ரினின் ஐந்து தாள மெட்டு ஒன்றுதான் நூல், இசையமைப்பாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். 1996 படத்துக்கு இரண்டு ஆல்பம் உண்டு. பாப் பாட்டுகள் நிறைந்தது ஒன்று, டேனி எல்ஃப்மனின் இசை இன்னொன்று. இரண்டாவதை வாங்குங்கள்.

முதல்ல எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்?

டுமாரோ நெவர் டைஸ். 1997 ஆல்பத்தைப் பிடியுங்கள், படத்தை ஒரு தடவை பாருங்கள். அதில் கடலடிக் காட்சியின் இசை, ஹாம்பர்க் கார் துரத்தலுக்கு முன்னால் இருக்கும். படத்தில் துரத்தல்தான் முதலில். அந்த இரண்டையும் இடம் மாற்றுங்கள், தொடக்கத்தில் இருக்கும் டைட்டில் பாட்டைப் படத்தில் டைட்டில் வரும் இடத்துக்கு நகர்த்தி 'வைட் நைட்' ட்ராக்கை அதற்கு முன்னால் கொண்டு வாருங்கள், மோபியின் ரீமிக்ஸை வெளியே எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அது பிடித்துப்போனால் பின்பாதிக்காக 2022 இரட்டை சிடியைத் தேட ஆரம்பியுங்கள், பார்சல் போடும்போது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.